மூக்கு மெக்கானிக்

சந்திரமோகனுக்கு மூக்கு வேலை செய்யாமல் போய் நாலு வருஷம் ஆகிறது. மூக்கு என்னவோ முகத்தில் முன்பு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் பெரிய மூக்கும்கூட. வாசம் மட்டும் தெரிவதில்லை. இந்தச் சங்கதி அவருடைய மனைவி ரேவதியைத் தவிர நல்லம்பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. இன்னொருவருக்கு இப்படி ஆகியிருந்தால் ஊதுபத்தி மணக்கவில்லை, ரசத்தில் பெருங்காயம் தெரியவில்லை என்று நாலு நாள் புலம்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். சந்திரமோகன் அப்படிப் போக முடியாது. அவருடைய பிழைப்பே அந்த மூக்கில்தான் நடந்துகொண்டிருந்தது.

கடைவீதி முடியும் இடத்தில், ஜாஸ்மின் டீக்கடைக்கு எதிரே, தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. பெயர்ப் பலகை கிடையாது. ‘மூக்கு மெக்கானிக்’ என்று கேட்டால் போதும், டீக்கடையில் யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார்கள் மட்டும்தான் அவர் தொடுவார். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும் புது வண்டிகள் பக்கம் போவதில்லை, அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பழைய வண்டிகளே ஆளை நிமிரவிடாமல் வந்துகொண்டிருந்தன.

ஒரு என்ஜின் ஓடுவதற்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து வேண்டும், அதைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். காற்று குறைந்து பெட்ரோல் கூடிப்போனால் முழுசாக எரியாது. வண்டி கரும்புகை தள்ளும், கிடுகிடுவென்று குலுங்கும், பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ரிச்சா ஓடுது’ என்பார்கள். மற்றவர்கள் இதைக் கண்டுபிடிக்க, என்ஜினில் தீப்பொறி தருகிற பிளக்கைக் கழற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சந்திரமோகன் அந்த வேலையே வைத்துக்கொள்ள மாட்டார். சைலன்ஸருக்குப் பின்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருவார். கண்ணை மூடுவார். ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "ரிச்சு. ஃபுளோட்டு ஊசி தேஞ்சிருக்குது" என்று எழுந்து கையைத் துடைப்பார். கழற்றிப் பார்த்தால், பெட்ரோலை அளந்துவிடுகிற அந்த ஊசி தேய்ந்துதான் இருக்கும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுடைய மூக்கே கண்டுபிடித்த மாதிரி பெருமைப்பட்டுக்கொள்வார்கள். கார் சொந்தக்காரர் அரூரிலிருந்து வந்தவரோ பாலக்கோட்டிலிருந்து வந்தவரோ, அந்த ஒரு மூச்சைப் பார்க்கத்தான் வந்ததுபோல நிற்பார்.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. போன வாசம் மட்டும் திரும்பவில்லை. முதலில் சளி அடைத்திருக்கிறது என்று நினைத்தார். ஒருநாள் சமையல்கட்டில் கேஸ் அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆற அமர டீ குடித்துக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து ஓடிவந்த ரேவதி அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். அப்புறம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தருமபுரியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். நரம்பு சம்பந்தப்பட்டது, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். வராமலே போனது.

"சொல்லிடலாமே. மூக்கு இல்லன்னா கையி இல்லியா? பிளக்கக் கழட்டிப் பாருங்க, எல்லாரும் அதான செய்யறாங்க" என்றாள் ரேவதி.

"எல்லாரும் செய்யறத நானும் செஞ்சா எங்கிட்ட எதுக்கு வர்றாங்க?" என்றார் அவர்.

அவர் பயம் அதுதான். அந்த மூச்சு இல்லாவிட்டால் தான் நூற்றோடு நூற்றொன்று. இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு தும்மலில் போய்விடும். ரேவதிக்கு இது முட்டாள்தனமாகத்தான் பட்டது. பட்டாலும் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். வண்டி வந்து நின்றதும் வீட்டிலிருந்து டீ டம்ளரோடு வருவாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வருவாள். பெட்ரோல் நாற்றம் அடித்தால் டம்ளரைப் பெஞ்சின் மேல் வைப்பாள். ஆயில் கருகினால் பழைய டயர்மேல் வைப்பாள். ஒன்றும் இல்லையென்றால் அவர் கையில் கொடுத்துவிடுவாள். சந்திரமோகன் டம்ளரைப் பார்த்துவிட்டு முழங்காலை ஊன்றுவார், கண்ணை மூடுவார், மூச்சை இழுப்பார். மோப்பம் பிடிப்பது அவள், சபாஷ் வாங்குவது அவர். சந்தேகத்துக்கு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிளக்கையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துக்கொள்வார். நாலு வருஷம் ஒரு தப்பும் நடக்கவில்லை.

இந்தத் தை மாசம் வத்தல்மலையிலிருந்து சின்னராஜ் வந்தார். மலைமேல் சாமையும் ராகியும் போடுகிற விவசாயி. ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தார். வாங்கும்போதே மூன்று கை மாறிய வண்டி. அவருடைய மகள் தேவிப்பிரியா ஆறு மாச கர்ப்பம், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். புருஷன் ஓசூரில் கம்பெனி வேலை. மாசம் இரண்டு தடவை மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வர அந்தக் காரைத்தான் நம்பியிருந்தார்கள்.

பட்டறை வாசலில் வண்டி நிற்கும்போதே சின்னராஜின் மனைவி குள்ளம்மாள் முன்பக்கம் குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். சந்திரமோகன் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பெண்பிள்ளைகள் சமாசாரம் என்று விட்டிருப்பார்.

"வண்டிக்குள்ள ஒரே பெட்ரோல் நாத்தமுங்கண்ணா. பாப்பாவுக்குத் தல வலிக்குதுங்குது" என்றார் சின்னராஜ்.

ரேவதி டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். சந்திரமோகன் முழங்கால் ஊன்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஊசியை மாற்றி, காற்று வடிகட்டியைப் புதிதாகப் போட்டு, கரி படிந்த பிளக்குகளைச் சுத்தம் செய்து, டிக்கி ஓரத்தில் பிய்ந்திருந்த ரப்பரையும் ஒட்டவைத்து அனுப்பினார். ஓட்டிப் பார்த்தபோது வண்டி வெண்ணெயாக ஓடியது. அதோடு அந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

பத்தே நாளில் திரும்பி வந்தார்கள். அன்று ரேவதி ஊரில் இல்லை. அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்று அரூர் போயிருந்தாள். டீக்கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். இன்னும் இரண்டு வண்டிகள் வேலைக்கு நின்றுகொண்டிருந்தன. குள்ளம்மாள் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். தேவிப்பிரியா கதவைத் திறந்து, இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள்.

"அதே நாத்தம்தாங்க. அன்னிக்கவிட ஜாஸ்தி. மலையெறங்கறதுக்குள்ள மயக்கமே வருது" என்றாள்.

"ஊசி புதுசு, ஃபில்டர் புதுசு. நாத்தம் எங்கருந்து வரும்?" என்றார் சந்திரமோகன்.

"வருதுங்க."

டீக்கடைக்காரி ஜாஸ்மின் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். "அண்ணா, மோந்து பாத்துடுங்க. தெரிஞ்சிடும்" என்றாள். எல்லாருடைய தலையும் இந்தப் பக்கம் திரும்பியது. பிளக்கைக் கழற்றியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்பேனரை எடுப்பதற்குச் சந்திரமோகனுக்கு மனம் வரவில்லை. முழங்காலை ஊன்றினார். கண்ணை மூடினார். சூடான காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான். வண்டியில் புகை இல்லை, சத்தமும் சீராக இருந்தது. எழுந்தார்.

"ஒன்னும் இல்ல. சுத்தமா இருக்குது" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மாசமா இருக்கற பொண்ணுக்குச் சோறு வேகறதுகூட நாறும். அதுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்றும் சேர்த்துவிட்டார்.

டீக்கடை சிரித்தது. சின்னராஜும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "நானும் அதைத்தாங்க சொன்னேன்" என்றாள் குள்ளம்மாள். தேவிப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ரேவதி வந்ததும் கேட்டாள். "மலக்காரங்க வண்டி வந்துச்சாமே. பிளக்கப் பாத்தீங்களா?"

"ம்" என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சின்னது. இதுதான் அவரைத் தூங்கவிடாமல் படுத்தியது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்னராஜ் போன் செய்தார். ஸ்கேனுக்குப் போகிற வழியில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி நின்றுவிட்டது, பாப்பா வாந்தி எடுத்துக் கிடக்கிறாள். குரலில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. சந்திரமோகன் பையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

பைக் சத்தம் கேட்டதும் குள்ளம்மாள் அவசரமாகக் காருக்குள் குனிந்து, வழக்கம்போல எதையோ எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். தேவிப்பிரியா சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. சந்திரமோகனைப் பார்த்தாள், பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்தாள்.

"நீங்க சரியா இருக்குதுன்னு சொன்னதால கௌம்பிட்டோம்" என்றார் சின்னராஜ்.

சந்திரமோகன் பானட்டைத் திறந்து முதல் பிளக்கைக் கழற்றினார். விறகடுப்புச் சட்டியின் அடிபோலக் கருத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதில் பெட்ரோல் ஈரமே இருந்தது. பத்து நாளுக்கு முன்பே இப்படித்தான் இருந்திருக்கும். கழற்றியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அந்தப் பெண் நாறுகிறது என்று சொன்னபோது நாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் வயிற்றில் பிள்ளையோடு அந்தக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறாள், இவர் ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சந்திரமோகனுக்கு வெட்கமாக இருந்தது.

துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி உடனே பிடித்தது. புகை இல்லை. சத்தம் சீராக இருந்தது. சோக் குமிழைப் பார்த்தார். குளிரில் என்ஜின் பிடிக்காதபோது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதற்காக இழுக்கிற குமிழ் அது. ஓடத் தொடங்கியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளித்தான் இருந்தது. இந்த வண்டி அவர் பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது, அவர் முதுகைத் திருப்பியதும் வேலையைக் காட்டுகிறது. இப்போதும் "சரியாயிடுச்சு, போங்க" என்று சொன்னால் போவார்கள். இரண்டு நாளுக்கு வண்டி ஒழுங்காகவே ஓடும்.

கட்டைச் சுவரைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் இன்னும் மூக்கிலேயே இருந்தது.

"பாப்பா, நீ முன்சீட்ல ஒக்காரணும். கண்ணாடியெல்லாம் எறக்கிடலாம். அப்பா மெதுவா ஓட்டட்டும். நாத்தம் எந்த எடத்துல ஆரம்பிக்குதுன்னு நீதான் சொல்லணும்" என்றார்.

"எனக்குத்தான் எல்லாமே நாறுமே. நீங்கதான சொன்னீங்க" என்றாள் அவள், திரும்பாமல். "நீங்களே ஒக்காந்து மோந்து பாருங்க."

"என்னால முடியாதும்மா."

"ஏன்?"

சந்திரமோகன் கையிலிருந்த கந்தல் துணியை மடித்தார், பிரித்தார். "எனக்கு வாசமே தெரியாது. கொரோனா வந்ததுலருந்து ஒன்னும் தெரியாது. அன்னிக்கு மோந்து பாத்தது வெறும் நடிப்பு. உம் மூக்கு சரியாத்தான் இருந்துச்சு. எம் மூக்குதான் போயிடுச்சு."

குள்ளம்மாள்தான் முதலில் பேசினாள். "ஐயோ, கொழம்பு ருசிகூட தெரியாதுங்களா?"

"உப்பு தெரியும், காரம் தெரியும். மத்தது தெரியாதுங்க."

"வூட்டுக்காரம்மாவுக்கு வேல மிச்சம்" என்றாள் குள்ளம்மாள், உண்மையிலேயே இரக்கப்பட்டு.

தேவிப்பிரியாவுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. "இத்தன நாளா தலவலிங்க எனக்கு. நான் சொன்னா எங்கம்மாவே நம்பல. மெக்கானிக்கே சொல்லிட்டாரு, உனக்கென்ன தெரியும்னாங்க. எங்க வூட்டுக்காரரு போன்ல சிரிச்சாரு. எனக்கே சந்தேகமாயிடுச்சு, எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு" என்றாள்.

சந்திரமோகன் பானட்டைச் சாத்தினார். கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறிவந்தது. அது இவர்களைத் தாண்டிப் போனது. பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, ஏறுங்க" என்றாள்.

சந்திரமோகன் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பையோடு பின்சீட்டில் ஏறினார். குள்ளம்மாள் முன்பக்கம் குனிந்து எதையோ வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஏறினாள். முதல் வளைவு வந்தது. "இல்ல" என்றாள் தேவிப்பிரியா. இரண்டாவது வளைவிலும் இல்லை. மூன்றாவதில் சாலை பெயர்ந்து கிடந்தது. வண்டி குலுங்கி இறங்கியபோது முன்பக்கம் எங்கோ ‘கிணிங்’ என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. நாலாவது வளைவைத் திரும்பும்போது மறுபடி ‘கிணிங்’.

"வருது" என்றாள்.

"எப்படி?"

"லேசா." அடுத்த வளைவுக்குள் எலுமிச்சம்பழம் மூக்குக்குப் போய்விட்டது. "இப்ப நல்லா வருது."

சந்திரமோகனுக்கு வாசம் தெரியாவிட்டாலும் காது நன்றாகவே கேட்டது. நாற்றத்துக்கு முன்னால் மணி அடித்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, பார்த்த மாத்திரத்தில் தெரியாத இடத்தில், மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. தேங்காய் பருமன் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். "அது என்னங்க?"

"அது சாமி முடிச்சுங்க" என்றாள் குள்ளம்மாள். அவர்கள் வீட்டில் தலைப்பிரசவத்துக்கு அப்படி ஒரு வழக்கம். பெண் கர்ப்பமானதும் புதுச் சாமை இரண்டு கைப்பிடி அள்ளி, காசு வைத்து, மணி கோத்துக் குலசாமி பெயரில் முடிந்துவைப்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை அவள் மலையிறங்குகிற போதெல்லாம் அது கூடவே போய்வர வேண்டும். பிறந்த பிறகு அந்தச் சாமையில் பொங்கல் வைத்துத்தான் முடிச்சை அவிழ்ப்பார்கள். அந்நியர் கை அதில் படக்கூடாது. அதனால்தான் பட்டறை வாசலில் மறக்காமல் எடுத்துக்கொள்வாள். "தொங்கவிட எடமில்லைங்க. இந்தக் குமுழுதான் தோதா இருந்துச்சு. எடுத்தவுடனே குமுழ உள்ள தள்ளி வச்சிடுவேன், நீட்டிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

அந்தக் குமிழ்தான் சோக். கீழ்நோக்கிச் சாய்ந்த குமிழ். உள்பிடிப்பு என்றைக்கோ தேய்ந்துபோனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் முடிச்சின் கனம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்திருக்கிறது. இப்போது இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அது நீட்ட நீட்ட என்ஜினுக்குக் காற்று குறைந்தது, பெட்ரோல் கூடியது. மலையிலிருந்து நல்லம்பள்ளி வரை வண்டி கரியைக் கக்கிக்கொண்டே வரும். பட்டறை வாசலில் குள்ளம்மாள் குமிழை உள்ளே தள்ளியதும் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். மூக்கு இருந்தவனுக்குச் சீட்டில் ஏறிய நாற்றமே காட்டிக்கொடுத்திருக்கும்.

சந்திரமோகன் இதை விளக்கியதும் சின்னராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். குள்ளம்மாளின் முகம் சுண்டிப்போனது. "சாமி குத்தமாயிடுச்சுங்களா?"

"அதெல்லாம் ஒன்னுமில்லைங்க. முடிச்சு கூட வந்தா போதுமா, அங்கயேதான் தொங்கணுமா?"

"கூட வந்தா போதுங்க."

பையிலிருந்து கட்டுக்கம்பியை எடுத்து முறுக்கி, தேவிப்பிரியாவின் தலைக்கு மேலிருந்த கைப்பிடியில் ஒரு கொக்கி போட்டார். முடிச்சைத் தொடவில்லை. குள்ளம்மாளே எடுத்து மாட்டினாள். குமிழை உள்ளே தள்ளி, அதன் கழுத்தில் கம்பியைச் சுற்றி இறுக்கினார். அப்புறம் மலையடிவாரம் வரை ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

"வருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லிங்க."

கடைசி வளைவில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே "இல்லிங்க" என்றாள் தேவிப்பிரியா. எலுமிச்சம்பழம் மடியில் கிடந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சந்திரமோகன் அடிவாரத்தில் இறங்கி, பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, மேலே போய்ப் பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார் ரேவதியிடம்.

"யாருகிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட."

"ஊருக்கு?"

"இல்ல."

டம்ளர் பழையபடி பெஞ்சுக்கும் டயருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. சந்திரமோகன் ஒரு மாசம் ஜாஸ்மின் கடைக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு மாதிரி பார்க்கிறார்களா என்று கவனித்தார். யாரும் பார்க்கவில்லை. மலைக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் சொல்லியிருந்தால் தேவலை என்றுகூட அவருக்குச் சில நாள் தோன்றியது.

வைகாசி மாசத்தில் வெள்ளைக் கார் மறுபடி வந்து நின்றது. கோளாறு ஒன்றுமில்லை. தேவிப்பிரியாவுக்குச் சித்திரையில் பெண் குழந்தை, சுகப்பிரசவம். வலி எடுத்தபோது வண்டி ஒரு தடவைகூட இருமாமல் மலையிறங்கியதாம். குலசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டு, குழந்தையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். குள்ளம்மாள் ஒரு தூக்குவாளியைச் சந்திரமோகன் கையில் கொடுத்து, "சாமப் பொங்கலுங்க. உங்களுக்கு மணம் தெரியாது, இருந்தாலும் சாப்பிடுங்க" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

தேவிப்பிரியா குழந்தையை நீட்டினாள். சந்திரமோகன் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினார். டீக்கடையே திரண்டு வந்துவிட்டது. ஜாஸ்மின் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, மோந்து பாத்துப் பால் குடிச்சிதா இல்லியான்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சந்திரமோகனும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். ஒரே ஒரு மூச்சு இழுத்தார்.

வெதுவெதுப்பு மட்டும் தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது குழந்தையின் கடைவாயில் பால் உலர்ந்திருப்பது தெரிந்தது. "குடிச்சிருக்குது" என்றால் போதும். சரியாகவும் இருக்கும், டீக்கடை கைதட்டும். தேவிப்பிரியா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கிற முகம் இல்லை அது. அவர் என்ன சொன்னாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது.

"எனக்கு வாசம் தெரியாதும்மா" என்றார் ஜாஸ்மினிடம். "நாலு வருஷமாச்சு. கொரோனால போனது."

ஜாஸ்மின் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். பின்னால் ஒருவர், "அப்ப அந்த வண்டியெல்லாம்?" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். சந்திரமோகன் அவருக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று தேவிப்பிரியாவின் பக்கம் திரும்பினார்.

"எப்படி இருக்குதும்மா? நீ சொல்லு."

அவள் குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். நிதானமாக மூச்சிழுத்தாள். "பாலுங்க. கொஞ்சம் புளிச்சாப்புல. அப்பறம் வசம்பு. சாம்பிராணிப் புகையும் இருக்குது, காலைல போட்டோம்." இன்னொரு தடவை மூச்சிழுத்தாள். "இன்னொன்னும் இருக்குதுங்க. அத என்னன்னு சொல்றதுன்னு தெரியல."

சந்திரமோகன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சாலையிலிருந்து ஒரு பழைய நீலக் கார் கிடுகிடுவென்று குலுங்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தது. பின்னால் கரும்புகை. ஓட்டி வந்தவர் என்ஜினை அணைக்காமல், மூக்கு மெக்கானிக் யார் என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். டீக்கடை ஆட்கள் புகையைப் பார்த்தார்கள், பிறகு சந்திரமோகனைப் பார்த்தார்கள். அவர் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, சாலை வரை கேட்கும்படி கூப்பிட்டார்.

"ரேவதி, இங்க வந்து கொஞ்சம் மோந்து சொல்லு."

ரேவதி வந்தாள். கையில் டம்ளர் இல்லை.